மூன்றாவது வாளி

ஜாடியில் தண்ணீரை மொண்டு மேசைமேல் வைத்தபோது மணி ஆறு நாற்பது. இனி முப்பது நிமிடம் அந்த மேசைப் பக்கம் யாரும் வரக் கூடாது. போன மாதம் பேக்கிங் பெண் ஒருத்தி டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து டொக்கென்று மேசையில் வைத்தாள். வேம்புவிடம் அவள் வாங்கிக் கட்டிக்கொண்டது கம்பெனி முழுக்கத் தெரியும்.

ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடி, பக்கவாட்டில் கோடு போட்டது. காற்றுத் தொட்டியிலிருந்து மொண்ட பழுப்புக் கலங்கல் முதல் ஐந்து நிமிடம் அசையாமல் நிற்கும். பிறகு சேறு திரி திரியாகத் திரண்டு இறங்கும், மேலே தண்ணீர் தெளியும். முப்பதாவது நிமிடத்தில் சேறு இருநூற்றைம்பதுக்கும் முன்னூறுக்கும் நடுவில் நின்றால் தொட்டிக்குள் பூச்சிகள் சுகமாக இருக்கின்றன என்று அர்த்தம். பூச்சி என்று சொல்வது அவள் மட்டும்தான். புத்தகத்தில் அதற்குப் பெயர் பாக்டீரியா. துணி வெளுக்கிற கம்பெனி விடுகிற கழிவுத் தண்ணீரில் உள்ள கஞ்சியையும் சோப்பையும் தின்று தீர்க்கிற, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். காற்று ஊதிக்கொண்டே இருக்க வேண்டும், தீனி தவறக் கூடாது. அவ்வளவுதான் அவை கேட்பது.

அன்றைக்கு சேறு இருநூற்று எண்பதில் நின்றது. மேல் தண்ணீர் வழியாகப் பார்த்தால் சுவரில் மாட்டிய காலண்டரின் தேதி தெரிந்தது. வேம்பு லாக் புக்கைப் பிரித்து, தேதி, நேரம், அளவு, நிறம், வாசனை என்று கட்டம் கட்டமாக எழுதினாள். பத்தாவதில் கணக்கில் ஃபெயிலானவள்தான், ஆனால் கையெழுத்து அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். வாசனை என்ற கட்டத்தில் அவள் எப்போதும் எழுதுவது 'புதுமழை மண்'.

உழவர்கரையில் இருக்கிற அந்தத் தொழிற்பேட்டைக் கம்பெனியில் அவள் ஒன்பது வருஷம் துடைப்பம் பிடித்தவள். சுத்திகரிப்புத் தொட்டிக்கு என்று வந்த ஆபரேட்டர்கள் நாற்றம் தாங்காமல் ஒரே வருஷத்தில் மூன்று பேர் ஓடிப்போனார்கள். தொட்டி கட்டிக்கொடுத்த இன்ஜினியர் சலித்துப்போய், பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, தரையில் சாக்பீஸால் படம் போட்டுக் காட்டினார். அவளுக்குப் பிடித்துக்கொண்டது. நான்கு வருஷமாகத் தொட்டி அவள் கையில்தான். மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்ததில்லை. கழுத்தில் தொங்குகிற அட்டையில் 'க. வேம்பு, ஆபரேட்டர்' என்று அச்சடித்திருக்கும். அதை அவள் பஸ்ஸிலும் கழற்ற மாட்டாள். அவள் புருஷன் கலியபெருமாள் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். குளிக்கும்போதாவது அதைக் கழற்றுகிறாயா என்று கேலி செய்வான். ஆனால் ஆட்டோவில் ஏறுகிறவர்களிடம் என் வீட்டம்மா ஆபரேட்டர் என்று அவனாகவே சொல்வதும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கு லீவு, கழிவுத் தண்ணீர் வராது. பூச்சிகளுக்கு லீவு உண்டா? அவள் குடியிருந்த கருவடிக்குப்பத்தில் பக்கத்துத் தெருவில் வீராயி மாடு வைத்திருந்தாள். அவளிடம் சனிக்கிழமை சாணி வாங்கி, வெல்லம் கலந்து, வைக்கோல் துணுக்கு உள்ளே போகாதபடி துணியில் மூட்டை கட்டித் தொட்டிக்குள் தொங்கவிடுவாள் வேம்பு. மூட்டையிலிருந்து சாறு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து திங்கள் வரைக்கும் வரும். அப்படியும் மனசு கேட்காமல் ஞாயிறு காலை ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போவாள். அதற்கு யாரும் சம்பளம் கொடுத்ததில்லை, அவளும் கேட்டதில்லை.

ஆடி மாதத்தில் கம்பெனிக்குப் புது ஆர்டர் வந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளுக்கு நானோ வெள்ளி ஏற்ற வேண்டும். நீல டிரம்மில் கடுங்காப்பி நிறத்தில் ஒரு திரவம் வந்து இறங்கியது. பேடிங் மெஷினின் தொட்டியில் அதைக் கலந்து, துணியை முக்கி, உருளைக்கு நடுவே பிழிந்து, சூட்டில் காயவைத்தால் வேலை முடிந்தது. மேனேஜர் அன்பழகன் எல்லோரையும் கூட்டி வைத்து விளக்கினார். இந்த விரிப்பில் கிருமி உட்கார்ந்தால் செத்தது, ஐம்பது தடவை துவைத்தாலும் இதே கதைதான், புதுச்சேரியில் நாம்தான் முதல். மெஷினுக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள். வேம்புவும் கைதட்டினாள். நம்ம கம்பெனித் துணி நோயாளியைக் காப்பாற்றுகிறது என்றால் சும்மாவா?

விரிப்புகளின் ஓரம் வெட்டுகிற இடத்தில் வெட்டுத் துணி குவிந்தது. நல்ல காடாத் துணி, கிழியாது. சாணி மூட்டைக்கு அவள் வைத்திருந்த பழைய புடவைத் துண்டு நைந்துபோயிருந்தது. குவியலிலிருந்து இரண்டு முழம் எடுத்து மடித்து வைத்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த வாரம் சேறு இருநூற்று முப்பதில் நின்றது. மறுநாள் இருநூறு. அதற்கு மறுநாள் நூற்று அறுபது. மேல் தண்ணீர் தெளியவே இல்லை, அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்து நின்றது. தொட்டியின் மேல் வெள்ளை நுரை கட்டியது, பழுப்பு நிறம் சாம்பலாக மாறியது. வாசனைக் கட்டத்தில் என்ன எழுதுவதென்று பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் 'அழுகல்' என்று எழுதினாள்.

பசி போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். சனிக்கிழமைக்கு மட்டும் கட்டுகிற மூட்டையைத் தினமும் கட்டினாள், வெல்லத்தை இரட்டிப்பாக்கினாள். வீராயி இவ்வளவு சாணி எதற்கு என்று கேட்டதற்கு, வீட்டில் உடம்பு சரியில்லை என்றாள். மூட்டை தொங்கத் தொங்கத் தொட்டி மோசமானது. சாப்பிட ஆள் இல்லாத வெல்லம் தொட்டியிலேயே புளித்தது.

அன்பழகன் ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். இருபத்தாறாம் தேதி விரிப்பு வாங்குகிற கம்பெனியின் ஆட்கள் ஆடிட்டுக்கு வருகிறார்கள், தொட்டியையும் பார்ப்பார்கள். சுத்துப்பட்டில் யார் வந்தாலும் இந்தத் தொட்டியைத்தான் பெருமையாகக் காட்டுவோம், இப்போது பார்த்து இப்படிச் செய்துவிட்டாயே என்றார். அவள் மெஷின்காரர்கள் பக்கத்திலிருந்து ஏதோ புதிதாக வருகிறது என்று ஆரம்பித்தாள். அவர் கையமர்த்தினார்.

"இருபத்தாறுக்குள்ள சரியாகலேன்னா தொட்டியை ஏஜென்சிக்கு விட்ருவோம். நீ பழையபடி கிளீனிங்குக்குப் போய்டு. வேலையை விட்டு யாரும் அனுப்பலம்மா, பயப்படாத."

அவள் பயப்படவில்லை. காதெல்லாம் சூடானது, அவ்வளவுதான். கழுத்து அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு தொட்டி மேடையிலேயே நின்றாள். கையில் பன்னிரண்டு நாள் இருந்தது.

அன்று மத்தியானம் சாப்பிடாமல் லாக் புக்கை முதலிலிருந்து புரட்டினாள். தொட்டிக்கு என்றைக்கெல்லாம் உடம்பு முடியாமல் போயிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தாள். செவ்வாயும் வெள்ளியும் ஜாடி அளவு விழுந்திருந்தது, புதனும் சனியும் இன்னும் விழுந்திருந்தது. நேராகப் பேடிங் மெஷினுக்குப் போனாள். ராஜவேல் பதினாறு வருஷ மெஷின்காரன், அவளை அக்கா என்பான். மெஷின் தொட்டியை என்றைக்குக் கழுவுவீர்கள் என்று கேட்டாள். செவ்வாயும் வெள்ளியும் என்றான். மீந்துபோன கலவையை என்ன செய்வாய் என்றதற்கு, காலடியில் இருந்த வால்வைக் காலால் காட்டினான். ஒவ்வொரு பேட்ச் முடிவிலும் அறுபது லிட்டர், கழுவுகிற நாளில் இருநூறுக்கு மேல். வால்வைத் திறந்தால் கால்வாய், கால்வாயில் போனால் அவள் தொட்டி. சொல்லும்போது அவன் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் காப்பி நிறம் ஏறிக் கிடந்தது. சோப்புக்குப் போகவில்லை என்றான். வீட்டில் பிள்ளைக்குச் சோறு ஊட்டவும் கூச்சமாக இருக்கிறதாம், ஸ்பூனில் ஊட்டுகிறானாம்.

கம்பெனி லேபில் கவிநிலா என்று ஒரு பெண், வேதியியல் படித்தவள், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். அவளிடம் போய் இந்த நானோ என்பது என்ன என்று வேம்பு கேட்டாள். அந்தப் பெண் தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி மேசையில் வைத்தாள். இந்த முடியின் கனத்துக்கு அந்த வெள்ளித் துகளை வரிசையாக நிறுத்தினால் நாலாயிரம் நிற்கும் என்றாள். அவ்வளவு பொடியாக இருப்பதால் அதன் மேல்பரப்பு அதிகம், தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளியைக் கசியவிடும், அதுதான் கிருமியைக் கொல்கிறது. அப்புறம் அது எங்கே போகும் என்று கேட்டாள் வேம்பு.

"அழியாதுக்கா. முக்காவாசி சேத்துல ஒட்டிக்கும், மீதி தண்ணியோட போவும். அதுக்கப்புறம் மண்ணுல, வாய்க்கால்ல என்னா பண்ணும்னு இன்னும் ஆராய்ச்சி பண்ணிட்டுத்தான் இருக்காங்க."

"அப்போ என் தொட்டியில இருக்கறதும் கிருமிதானே."

சொல்லும்போதே வேம்புவுக்கு இன்னொன்று உறைத்தது. சாணி மூட்டை கட்டியது எந்தத் துணியில்? பன்னிரண்டு நாளாகத் தீனி என்று நினைத்து எதைத் தொங்கவிட்டிருக்கிறோம்? ஓடிப்போய் மூட்டையை அவிழ்த்து வீசினாள்.

கவிநிலா பின்னாலேயே வந்து கணக்குப் போட்டுக் காட்டினாள். நாற்பதாயிரம் லிட்டர் தொட்டி. இரண்டு முழத் துணியிலிருந்து கசிவது ஒரு சிட்டிகை, மெஷினிலிருந்து வருவது மூட்டை. சிட்டிகையோ மூட்டையோ, என் கையால் போட்டது போட்டதுதான் என்றாள் வேம்பு. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், செய்து காட்ட வேண்டும் என்று முடிவு பண்ணினாள்.

லாஸ்பேட்டைப் பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் அம்மாவாசை என்பவர் இதே மாதிரித் தொட்டி பார்த்துக்கொண்டிருந்தார். உயிருள்ள சேறு ஒரு கேன் வேண்டும் என்று போனில் கேட்டாள். தொட்டிக்காரர்களுக்குள் இது உறை மோர் கேட்கிற மாதிரிதான், யாரும் இல்லை என்பதில்லை. கலியபெருமாள் ஒரு சவாரியை விட்டுவிட்டு அதை ஆட்டோவில் ஏற்றிவந்தான். வழியெல்லாம் மூக்கைச் சுளித்தாலும் கேன் சாயாமல் ஓட்டிவந்ததாகப் பிறகு பெருமை அடித்தான்.

மூன்று வாளி. மூன்றிலும் ஒரே அளவு சேறு, ஒரே அளவு வெல்லம், மீன் தொட்டிக்கு விற்கிற காற்று மோட்டார் மூன்று. முதல் வாளியில் வேறு எதுவும் இல்லை. இரண்டாவதில் பேடிங் மெஷின் தொட்டித் தண்ணீர் ஒரு டம்ளர். மூன்றாவது வாளியை எதற்கு வைக்கிறாய் என்று ராஜவேல் கேட்டான். அவள் வெட்டுத் துணியில் சின்னதாக ஒரு சாணி மூட்டை கட்டி அதில் தொங்கவிட்டாள்.

"இது வேணாம்க்கா. நீயே குழி வெட்டிக்கற."

"என் தப்பு எம்மாம் பெருசுன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

மூன்றாம் நாள் காலை ஒவ்வொரு வாளியிலிருந்தும் ஜாடியில் மொண்டு, மூன்று தடவை முப்பது முப்பது நிமிடம் காத்திருந்தாள். முதல் வாளி இருநூற்று எழுபது, தண்ணீர் கண்ணாடி, வாசனை புதுமழை மண். இரண்டாவது வாளியில் சேறு சேரவே இல்லை, எழுபதில் ஏதோ சாம்பலாகக் கிடந்தது, மேலே முழுக்க அரிசி களைந்த தண்ணீர். மூன்றாவது இருநூற்று நாற்பது, மேலே லேசான மூட்டம். பரவாயில்லை, ஆனால் முதல் வாளி மாதிரி இல்லை.

லாக் புக்கில் எழுத உட்கார்ந்தாள். இடது பக்கத்தில் பேடிங் மெஷின் தண்ணீரைப் பற்றி எழுதினாள். எந்தெந்தத் தேதி, எத்தனை லிட்டர், மறுநாள் ஜாடியில் எவ்வளவு, இரண்டாவது வாளியின் அளவு, எல்லாம் விவரமாக. வலது பக்கத்தில், 'சாணி மூட்டையை நானோ துணியில் கட்டித் தொட்டியில் விட்டேன். பன்னிரண்டு நாள். தெரியாமல் செய்தது. தவறு என்னுடையது' என்று எழுதி, மூன்றாவது வாளியின் அளவையும் போட்டுக் கையெழுத்திட்டாள். ராஜவேல் தலையில் அடித்துக்கொண்டான். இடது பக்கம் போதும், வலது பக்கத்தைக் கிழித்துவிடு என்றான். வேம்பு அவனை முறைத்தாள்.

"நாலு வருஷமா இதுல ஒரு பொய் எழுதினதில்ல. ஒண்ணை மறைச்சா மீதியை எவன் நம்புவான்?"

அதே வாரம் நர்சரிக்காரர் கிருஷ்ணசாமி வந்தார். தொட்டியிலிருந்து எடுத்துக் காயவைக்கிற சேற்றை மூன்று மாதத்துக்கு ஒரு தரம் டிராக்டரில் அள்ளிப் போய்ச் செடிக்குப் போடுகிறவர். சேற்றில் வெள்ளி ஒட்டியிருக்கிறது, இந்தத் தடவை தர முடியாது என்று சொல்லி வேம்பு திருப்பி அனுப்பினாள். ஓசியில் கிடைத்ததற்கும் மோசம் வந்ததா என்று அவர் முனகிக்கொண்டே போனார். அதையும் லாக் புக்கில் எழுதினாள்.

இருபத்திரண்டாம் தேதி முதலாளி வந்தார். முப்பத்தைந்து வயதுக்காரர், நல்லபடியாகப் பேசுவார். வேம்பு லேபிலிருந்து இன்னும் இரண்டு ஜாடி வாங்கி, மூன்று வாளியிலிருந்தும் மொண்டு வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகச் சொன்னாள். குரல் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. மூன்றாவது ஜாடிக்கு வந்தபோது தன் தவற்றையும் அதே குரலில் சொன்னாள். மீந்த கலவையைக் கால்வாயில் விடாமல் தனி டிரம்மில் பிடித்து வையுங்கள், அதைச் சுத்தம் பண்ண வேறு வழி இருக்கிறதாம், இந்தப் பொண்ணு சொல்கிறாள் என்று கவிநிலாவைக் காட்டினாள். முதலாளி குனிந்து ஜாடிகளைப் பார்த்தார், போனில் படம் எடுத்துக்கொண்டார்.

"படிச்சவன்கூட இப்படிச் செஞ்சிருக்க மாட்டான்" என்றார் அன்பழகனிடம். பிறகு அவளிடம் திரும்பி, "லாக் புக்கை சாயந்தரம் ஆபீஸ்ல குடுத்துட்டுப் போம்மா" என்றார்.

அன்று பேக்கிங் பெண்கள் எல்லாரும் வந்து ஜாடிகளைப் பார்த்தார்கள். டிபன் பாக்ஸ் வைத்துத் திட்டு வாங்கியவளும் வந்து, கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்று பார்த்தாள். வேம்புவுக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போய் முதலாளி சொன்னதைக் கலியபெருமாளிடம் அப்படியே சொன்னாள். அவன் வெளியே போய்ப் பால்கோவா வாங்கிவந்தான். படிச்சவன்கூட, படிச்சவன்கூட என்று சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாளே தொட்டியைக் காலி பண்ணினார்கள். எங்கிருந்தோ டேங்கரில் உயிருள்ள சேறு வந்து இறங்கியது. இரண்டு நாள் பேடிங் மெஷினை ஓட்டவில்லை. இருபத்தாறாம் தேதி காலை ஜாடியில் இருநூற்று அறுபது. வேம்பு இஸ்திரி போட்ட புடவை கட்டி, அட்டையை நெஞ்சுக்கு நடுவில் வரும்படி தொங்கவிட்டுக்கொண்டு தொட்டி மேடையில் நின்றாள். ஆடிட்டுக்கு வந்த மூன்று பேரும் தொட்டியை எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் நாற்றமே இல்லையே என்றார். அன்பழகன் அவர்களை ஆபீஸுக்கு அழைத்துப் போனார். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான்கு மணிக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அன்பழகன் மேசைமேல் ஒரு ஃபைல் இருந்தது. இந்த மாதம் தொட்டி கெட்டதற்கு ஆடிட்காரர்கள் காரணம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்துவிட்டோம் என்று திருப்பிக் காட்டினார். காரணம் என்ற இடத்தில், பயிற்சியில்லாத ஆபரேட்டர் தடை செய்யப்பட்ட துணியைத் தொட்டிக்குள் இட்டது என்று இருந்தது. எடுத்த நடவடிக்கை என்ற இடத்தில், ஆபரேட்டர் மாற்றப்பட்டார், பராமரிப்பு ஏஜென்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. கூடவே ஒரு ஜெராக்ஸ். லாக் புக்கின் வலது பக்கம். 'தவறு என்னுடையது.' ஜெராக்ஸிலும் அவள் எழுத்து முத்து முத்தாக விழுந்திருந்தது.

"கையெழுத்து உன்னுதுதானேம்மா?"

"என்னுதுதான் சார். அதுக்கு எதிர்ப்பக்கமும் என் கையெழுத்துதான்."

"அது இந்த ஃபைலுக்குத் தேவையில்ல."

அவள் ஜெராக்ஸைக் கீழே வைத்தாள். லாக் புக் எங்கே என்று கேட்டாள். பழசு ஆபீஸ் பீரோவில் இருக்கிறது, ஏஜென்சிக்குப் புதுசு போட்டாச்சு என்றார். தனி டிரம் என்றாள். வருகிற நிதியாண்டில் பார்க்கலாம் என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, அட்டையைக் கேட்டார். அவள் கழற்றி மேசைமேல் வைத்தாள். கயிற்றைச் சுற்றி, எழுத்துப் பக்கம் மேலே தெரியும்படி வைத்தாள்.

"நான் எழுதினது பொய்யில்ல சார். நீங்க எடுத்துக்கிட்டதுதான் பாதி."

அன்பழகன் ஃபைலை மூடிவிட்டுப் போனை எடுத்துக் காதில் வைத்தார்.

வீட்டில் கலியபெருமாள் எகிறினான். இனிமேல் போகாதே, நீ ஒன்றும் கூட்டித்தான் திங்க வேண்டும் என்பதில்லை என்றான். அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். அடுக்களையில் உட்கார்ந்து, மூக்கைச் சிந்தி, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சோறு போட்டாள். போவேன் என்றாள். நான் போகவில்லை என்றால் ஓடிப்போய்விட்டாள் என்பார்கள். நான் எங்கேயும் ஓடவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் துடைப்பத்தோடு நின்றாள். புது அட்டையில் 'ஹவுஸ்கீப்பிங்' என்றிருந்தது. பேடிங் மெஷினிலிருந்து தொட்டி வரைக்கும் போகிற கால்வாய் அவளுக்குப் பங்கு வந்தது. நாலு வருஷமாக யாரும் ஒழுங்காகப் பார்க்காத கால்வாய். மூலையில் பிளாஸ்டிக், நூல் கழிவு, வேப்பஞ்சருகு. அவள் மண்டியிட்டு உட்கார்ந்து கையாலேயே வழித்தாள், பிரஷ் போட்டுத் தேய்த்தாள். பத்தரை மணிக்குக் கால்வாயின் சிமெண்ட் நிறம் தெரிந்தது. ஒரு இலை இல்லை. செய்வதைத் திருந்தச் செய்யாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

தொட்டி மேடையில் யாரும் இல்லை. ஏஜென்சி ஆள் வாரத்துக்கு இரண்டு தரம் வருவார், அடுத்த முறை வியாழக்கிழமை. மேசைமேல் புது லாக் புக் இருந்தது. வரப்போகிற வியாழன் வரைக்கும் முன்கூட்டியே எழுதி முடித்திருந்தது, எல்லாக் கட்டத்திலும் இருநூற்று எண்பது. காய்ந்த சேறு கிடந்த இடம் சுத்தமாக வழிக்கப்பட்டு, டிராக்டர் டயர்த் தடம் மட்டும் இருந்தது.

பேட்ச் முடிந்து மெஷின் நின்றது. ராஜவேல் வால்வில் கை வைத்துக்கொண்டு கால்வாயைப் பார்த்தான், கால்வாயின் மறுகோடியில் துடைப்பத்தோடு நிற்கிறவளைப் பார்த்தான். திறக்கவில்லை. அடுத்த துணி ஏறி நிற்கிறது, என்ன வேடிக்கை என்று உள்ளேயிருந்து அன்பழகன் குரல் கொடுத்தார். ராஜவேல் அந்தக் காப்பி நிற விரல்களால் முகத்தை ஒரு தரம் துடைத்துக்கொண்டு வால்வைத் திருப்பினான்.

அறுபது லிட்டரும் வந்தது. அவள் தேய்த்து வைத்த சிமெண்டின்மேல், தடுக்க ஒரு சருகுகூட இல்லாமல், சலசலவென்று ஓடித் தொட்டிக்குள் விழுந்தது.

வேம்பு மேடை ஏறினாள். மூலையில் கவிழ்த்து வைத்திருந்த ஜாடியை எடுத்து, தொட்டியில் மொண்டு, முந்தானையால் வெளிப்பக்கத்தைத் துடைத்து, எல்லோரும் போகிற வருகிற வழியில் இருந்த கைப்பிடிச் சுவர்மேல் வைத்தாள். பேக்கிங் வாசலில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள், பின்னால் இன்னும் இரண்டு பேர். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐம்பது. முப்பது நிமிடம் இருந்தது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மீதியைக் கூட்டப் போனாள்.